உடை சொன்ன சாட்சியம்: ஆங்கில மென்மர்மப் புனைவில் பழம்பாணி உடையும் செய்தியாளரும்

ஆய்வுச்சுருக்கம்

நகைச்சுவை கலந்த மென்மையான துப்பறியும் கதைகளில், பழைய உடையொன்றைச் சான்றாகக் கொண்டு நாளிதழ் நிருபர் ஒருவர் குற்றத்தைத் துலக்கும் அமைப்பு இன்று பரவலாகக் காணப்படுகிறது. உடை, நிருபர், சிரிப்பு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் வந்து சேர்ந்த வரலாற்றை, 1860 முதல் 1972 வரையிலான சில வழக்குகள், புதினங்கள், திரைப்படங்கள், நாளிதழ் நடைமுறைகள் ஆகியவற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. ஆடை பற்றிய பெண்களின் வீட்டறிவு சான்றியல் அறிவாக ஏற்கப்பட்ட முறையும், அவ்வேற்புக்கு நகைச்சுவை விதித்த விலையும் இங்கு முதன்மை பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: மென்மர்மக் கதை, ஆடைச்சான்று, மகளிர் பக்கம், பெண் நிருபர், உட்சான்று, புறச்சான்று

முன்னுரை

கொலை நிகழ்ந்திருக்கும், ஆயினும் குருதி காட்டப்படாது. துப்புத்துலக்குபவர் பெரும்பாலும் காவல்துறையைச் சேர்ந்தவர் அல்லர். ஊர் சிறியது, மாந்தர் ஒருவரையொருவர் அறிந்தவர், உரையாடலில் நகைச்சுவை ஓடும். இவ்வியல்புகளை உடைய துப்பறியும் கதையை ஆங்கில வாசகர் 'கோஸி' என்பர். இக்கட்டுரை அதனை மென்மர்மக் கதை எனக் குறிக்கிறது. இவ்வகைக்கென அமெரிக்காவில் 1989 முதல் 'மேலிஸ் டொமெஸ்டிக்' என்னும் மாநாடு நடைபெற்று வருகிறது. அகதா கிறிஸ்டியின் பெயரால் விருதுகளும் வழங்கப்படுகின்றன. பழைய உடைக் கடை நடத்தும் நாயகி, மணமகளின் பழைய உடையில் மறைந்திருக்கும் குற்றம், அதைத் தேடிச் செல்லும் உள்ளூர் நிருபர் என்பன இன்றைய மென்மர்மக் கதைகளின் வழக்கமான பொருள்கள். ஜூலியட் பிளாக்வெல் 2009இல் தொடங்கிய தொடரின் நாயகி, சான் பிரான்சிஸ்கோவில் அத்தகைய கடையொன்றை நடத்துபவரே.

இச்சேர்க்கையை விற்பனைக்காகச் செய்யப்பட்ட கலவை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குவது பொருந்தாது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. துணி, தையல், வெளுப்பு, அணியும் முறை ஆகியவை பற்றிய அறிவு நெடுங்காலம் வீட்டுக்குள்ளும் நாளிதழின் மகளிர் பக்கத்துக்குள்ளும் அடைபட்டிருந்தது. காவல்துறையும் நீதிமன்றமும் அதனை அறிவாகவே கொள்ளவில்லை. அவ்வறிவைச் சாட்சிக்கூண்டில் ஏற்றியது துப்பறியும் புனைவு. ஏற்றும்போது, அதைச் சுமந்து வந்தவரைப் பார்த்துச் சிரிக்கவும் வாசகருக்கு உரிமை அளித்தது.

சிலப்பதிகார வழக்குரை காதையை அறிந்தவர்க்கு இச்சிக்கல் புதிதன்று. பொற்கொல்லனும் அரசனும் சிலம்பின் புறத்தைக் கண்டு முடிவு செய்தனர். உள்ளிருப்பது மாணிக்கம் என்பது அணிந்தவளுக்குத் தெரிந்திருந்தது. வழக்கு அவ்வறிவினாலேயே திரும்பியது.

சலவைக் கணக்கும் காவல்துறையின் நாணமும்

1860ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் இரவில், இங்கிலாந்தின் வில்ட்ஷர் மாவட்டத்தில் ரோட் ஹில் இல்லத்தில் மூன்று வயதுச் சிறுவன் சாவில் கென்ட் கொல்லப்பட்டான். ஸ்காட்லாந்து யார்டிலிருந்து வந்த ஜொனாதன் விச்சர், சிறுவனின் பதினாறு வயது ஒன்றுவிட்ட தமக்கை கான்ஸ்டன்ஸ் மீது ஐயம் கொண்டார். அவருடைய ஐயத்துக்கு அடிப்படை ஓர் ஆடைக் கணக்கு. கான்ஸ்டன்ஸுக்கு மூன்று இரவு உடைகள் இருந்திருக்க வேண்டும், இரண்டே இருந்தன. மூன்றாவது சலவைக்குப் போட்ட கூடையில் வைக்கப்பட்டதாகப் பணிப்பெண் கூறினாள். தன்னிடம் அது வந்து சேரவில்லை என்றாள் வெளுப்பவள். இந்த இடைவெளியிலேயே குற்றம் ஒளிந்திருப்பதாக விச்சர் கருதினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, பெண் விடுவிக்கப்பட்டாள், செய்தித்தாள்கள் விச்சரை எள்ளின. 1865இல் கான்ஸ்டன்ஸ் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இவ்வழக்கில் விச்சரின் தோல்வியைவிட ஆய்வாளர் கவனத்துக்குரியது வேறொரு செய்தி. விச்சர் வருவதற்கு முன்பே, உள்ளூர்க் காவலர் கொதிகலன் அடுப்பின் புழையில் குருதிக்கறை படிந்த பெண் உள்ளாடை ஒன்றைக் கண்டெடுத்தனர். அது மாதவிலக்கின் கறையாக இருக்கலாம் எனக் கருதி, பேசவே நாணி, அதனை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தனர். பின்னர் அது காணாமற்போயிற்று. செய்தி வெளிவரச் சில திங்கள்கள் ஆயின. வீட்டில் துணி எண்ணும் பெண் எவரையேனும் அழைத்துக் கேட்டிருந்தால், அக்கறை எத்தகையது என்பது அன்றே ஒருவாறு தெளிந்திருக்கக்கூடும். கேட்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

வில்கி காலின்ஸ் 1868இல் வெளியிட்ட 'தி மூன்ஸ்டோன்' புதினம் இந்த இரவு உடையை எடுத்துக்கொண்டது. குருதிக்கறை அதில் வண்ணப்பூச்சின் கறையாக மாறிற்று. கதவின் ஈரப் பூச்சு எவருடைய உடையில் ஒட்டியிருக்கிறதோ அவரே வைரம் இருந்த அறைக்குள் சென்றவர் எனத் துப்பறிவாளர் கஃப் வாதிடுகிறார். வீட்டின் சலவைப் புத்தகத்தைக் கேட்கிறார். உண்மை வழக்கில் நகைப்புக்குள்ளான முறை, எட்டே ஆண்டுகளில் புனைவில் மதிப்புக்குரிய முறையாயிற்று. குருதி நீங்கி வண்ணம் வந்த இந்த மாற்றத்தை மென்மர்மக் கதையின் கருநிலை எனக் கொள்ளலாம்.

ஒரே ஒரு துளை

அமெரிக்க எழுத்தாளர் அன்னா கேதரின் கிரீன் (1846–1935) 1878இல் 'தி லெவன்வர்த் கேஸ்' என்னும் புதினத்தால் புகழ்பெற்றவர். அவருடைய துப்பறிவாளர் எபனேசர் கிரைஸுக்கு ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார். மைக்கூட்டையோ கதவின் குமிழையோ பார்த்தபடி பேசுவார். 1897இல் வெளிவந்த 'தட் அஃபேர் நெக்ஸ்ட் டோர்' புதினத்தில் அவருக்குப் போட்டியாக அமீலியா பட்டர்வர்த் என்னும் மணமாகாத நடுவயதுப் பெண் வருகிறார். நியூயார்க்கின் கிராமர்சி பூங்காப் பகுதியில் வாழும் இவர், அடுத்த வீட்டில் கவிழ்ந்த நிலையடுக்கின் கீழ்க் கிடந்த பெண்ணின் மரணத்தைத் தாமே ஆராயத் தொடங்குகிறார். மரணத்தின் கருவி ஒரு தொப்பி ஊசி.

கிரைஸ் பொருள்களையே பார்த்துக்கொண்டிருப்பவர். ஆனால் தொப்பியைப் படிப்பவர் பட்டர்வர்த். அக்காலத் தொப்பி தலையில் நிற்பதற்கு நீண்ட ஊசியைத் துணியினூடே செலுத்திக் கொண்டையில் குத்த வேண்டும். ஒவ்வொரு முறை அணியும்போதும் புதிய துளை விழும். கண்டெடுத்த தொப்பியில் ஒரு முறை குத்திய தடமே இருந்தது. ஆகவே அது ஒரே ஒரு முறை அணியப்பட்டது என்பது அவர் துணிபு. நாள்தோறும் தொப்பி அணிந்து, கழற்றி, பெட்டியில் வைக்கும் பழக்கம் உடையவருக்கே இது கண்ணில் படும். ஷெர்லாக் ஹோம்ஸும் 1892இல் வெளிவந்த 'புளூ கார்பங்கிள்' சிறுகதையில் ஒரு தொப்பியைப் படிக்கிறார். அதன் அளவைக்கொண்டு உரியவரின் அறிவுத்திறனைக்கூட உய்த்துணர்கிறார். ஒப்பிட்டால் பட்டர்வர்த்தின் அனுமானமே உறுதியானது. ஹோம்ஸ் தொப்பியிலிருந்து மனிதனின் குணத்துக்குத் தாவுகிறார். பட்டர்வர்த் துளையிலிருந்து எண்ணிக்கைக்கு மட்டுமே செல்கிறார்.

ஆயினும் கிரீன் அவரை வெறும் அறிவுருவாகப் படைக்கவில்லை. தம் குலப்பெருமை, தம் பட்டாடை, தமக்குத் தாமே தேர்ந்துகொண்ட 'அமீலியா' என்னும் பெயர் (ஞானஸ்நானப் பெயர் அரமின்டா) ஆகியவற்றைப் பற்றி அவரே தன்மையில் பேசும்போது வாசகர் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே அவருடைய அனுமானத்தை ஏற்றுக்கொள்கிறார். பின்வந்த மிஸ் மார்ப்பிளுக்கு இப்பாத்திரம் முன்னோடி என்பது திறனாய்வாளர் பலரும் உடன்படும் கருத்து.

பெண் நிருபரின் உடை

பட்டர்வர்த் தம் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தவர். தெருவுக்கு வந்து பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர் பெண் நிருபர். எலிசபெத் காக்ரன், அதாவது நெல்லி பிளை (1864–1922), பிட்ஸ்பர்க் 'டிஸ்பாட்ச்' நாளிதழில் 1885இல் சேர்ந்தார். தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி எழுதத் தொடங்கிய அவரை நாளிதழ் விரைவில் உடைப்பாணி, விருந்து, தோட்டம் ஆகியவற்றை எழுதும் மகளிர் பக்கத்துக்குத் தள்ளியது. அதை வெறுத்தே அவர் 1887இல் நியூயார்க் சென்றார். அங்கு 'வேர்ல்டு' நாளிதழுக்காக மனநோயாளிபோல் நடித்து பிளாக்வெல் தீவுக் காப்பகத்துக்குள் புகுந்து பத்து நாள்கள் தங்கி எழுதியது நன்கு அறியப்பட்ட செய்தி.

அந்நிகழ்வில் உடை ஆற்றிய பங்கு போதிய அளவு பேசப்படவில்லை. நெல்லி பிளை எளிய பழைய உடையைத் தேர்ந்து அணிந்து சென்றார். எனினும் அவர் முன்நிறுத்தப்பட்ட நீதிபதி அவ்வுடையைக் கண்டு, இவர் நல்ல குடும்பத்துப் பெண் என்று முடிவு செய்து இரக்கம் காட்டினார். தப்புக்கணக்குதான், ஆயினும் உடை படிக்கப்பட்டது. காப்பகத்தில் அவ்வுடை பறிக்கப்பட்டது. மாற்றாகக் கொடுத்த ஆடையில் காப்பகம், தீவு, கூடம் ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகள் கறுப்பு மையில் பொறிக்கப்பட்டிருந்தன. அந்தப் பொறிப்பை அவர் படித்து, கட்டுரையில் பதிந்தார். அதன்பின் அவரை நல்ல குடும்பத்துப் பெண்ணாகக் கண்டவர் இல்லை. மகளிர் பக்கத்தில் வெறுத்து எழுதிய பொருளே இங்கு அவருக்குக் கருவியாயிற்று எனலாம். 1889 நவம்பரில் ஒரே நாளில் தைக்கச் செய்த உடையுடனும் சிறு கைப்பையுடனும் உலகைச் சுற்றப் புறப்பட்டு, கொழும்பில் கப்பலுக்காகச் சில நாள் காத்திருந்து, 72 நாள்களில் திரும்பினார். அதே 1889இல் 'தி மிஸ்டரி ஆஃப் சென்ட்ரல் பார்க்' என்னும் மர்மப் புதினத்தையும் வெளியிட்டார். இதனைச் சிறந்த புதினம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பெண் நிருபர் மர்மக்கதைக்குள் பாத்திரமாக நுழைவதற்கு முன் அதன் ஆசிரியராகவே நுழைந்துவிட்டார் என்பதற்கு அது சான்று.

பிரான்சில் 'லெ மாதான்' நாளிதழின் நீதிமன்ற நிருபராக இருந்த கஸ்தோன் லெரு, 1907இல் 'மஞ்சள் அறையின் மர்மம்' புதினத்தில் ரூலதாபில் என்னும் இளம் நிருபரைத் துப்பறிவாளராக்கினார். காவலர் மறித்தாலும் கதவுகள் அவனுக்குத் திறக்கின்றன. ஆண் நிருபர் தம் தொழிலைச் சொல்லிக்கொண்டு உள்ளே செல்ல முடிந்தது. பெண் நிருபர் தம் தொழிலை மறைக்கும் உடையை அணிந்தே உள்ளே செல்ல நேர்ந்தது. நிருபர் துப்பறிவாளரின் இரு மரபுகளையும் பிரித்தறிய இவ்வேறுபாடு உதவும்.

நிருபர்கள் தோற்ற வழக்கு

1926 டிசம்பர் 3ஆம் நாள் இரவு அகதா கிறிஸ்டி காணாமற்போனார். கில்ஃபோர்டு அருகே நியூலண்ட்ஸ் கார்னரில் அவருடைய மாரிஸ் கவுலி மகிழுந்து கைவிடப்பட்டுக் கிடந்தது. உள்ளே ஒரு மென்மயிர்க் கோட்டும் உடைகள் வைத்த பெட்டியும் இருந்தன. நாளிதழ்கள் நிருபர்களை அனுப்பின. 'டெய்லி நியூஸ்' 100 பவுண்டு பரிசு அறிவித்தது. அவர் மாறுவேடம் பூண்டால் எவ்வாறு தோன்றுவார் எனத் திருத்திய படங்களையும் வெளியிட்டது. டோரதி சேயர்ஸும் அவ்விடத்துக்குச் சென்று பார்த்தார். டிசம்பர்க் குளிரில் கோட்டை விட்டுச் சென்றவர் இறந்திருக்க வேண்டும் என்று பலர் கருதினர். அவர் ஹாரகேட்டின் தங்கும் விடுதியொன்றில் திருமதி தெரசா நீல் என்னும் பெயரில் தங்கி, புது உடைகள் வாங்கி, நடனமாடிக்கொண்டிருந்தார். அவரை அடையாளம் கண்டவர்கள் விடுதியின் இசைக்குழுவினர். டிசம்பர் 14 அன்று தேடல் முடிந்தது.

இந்நிகழ்வில் அவருடைய துயரமும் உண்டு. அதைக் கேலிப்பொருளாக்குவது முறையன்று. ஆயினும் விட்டுச்சென்ற உடை இறப்பையே காட்டும் என்ற நிருபர்களின் ஊகம், அப்பெண் கடைக்குச் சென்று வேறு உடை வாங்கக்கூடும் என்ற எளிய வாய்ப்பை மறந்தது. 1942இல் அவர் வெளியிட்ட 'தி பாடி இன் தி லைப்ரரி'யில் மிஸ் மார்ப்பிள் பிணத்தின்மீதிருந்த மாலையுடையைக் கண்டு, அது பழைய உடை என்பதிலேயே தடை கொள்கிறார். தனக்கு முக்கியமான ஒருவரைச் சந்திக்கச் செல்லும் பெண் பழையதை அணிவாளா? காவலர் அந்த உடையை மணிக்கணக்கில் பார்த்தவர்கள்தாம்.

சிரிப்பின் விலை

ஹாலிவுட் இம்மரபைத் தன் வழியில் எடுத்துக்கொண்டது. ஃபிரெடரிக் நெபல் 'பிளாக் மாஸ்க்' இதழில் எழுதிய கதைகளில் கென்னடி என்னும் குடிகார ஆண் நிருபர் உண்டு. வார்னர் நிறுவனம் 1937இல் 'ஸ்மார்ட் பிளாண்ட்' படத்தில் அவரை டார்ச்சி பிளேன் என்னும் பெண் நிருபராக மாற்றியது. 1939 வரை ஒன்பது படங்கள் வந்தன. ஏழில் கிளெண்டா ஃபாரல் நடித்தார். அதுவரை திரையில் கண்ட பெண் நிருபர்கள் கேலிச்சித்திரங்களாக இருந்ததால், தம் பாத்திரத்தை உண்மை மனிதராக்க முயன்றதாக அவர் பின்னாளில் கூறியுள்ளார். படங்களில் காவல் அதிகாரி மெக்பிரைட் பிழையான முடிவுக்கு வருவார். டார்ச்சி சரியான முடிவுக்கு வருவார். அவர்களின் திருமணம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். சிரிப்பு இப்போது காவலர் பக்கம் திரும்பிவிட்டது. எனினும் மணமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அப்படங்களின் மீது நிழலாடுகிறது. 1938 ஜூன் இதழில் தோன்றிய லோயிஸ் லேன் பாத்திரத்துக்கு டார்ச்சி தூண்டுதல் என்பதை ஜெர்ரி சீகல் உறுதிப்படுத்தியுள்ளார். அந்த முதல் கதையிலேயே லோயிஸ், கண்ணீர்க் கதைகளை எழுதியே நாள் கழிவதாகச் சலித்துக்கொள்கிறார். நெல்லி பிளையின் சலிப்பு அரை நூற்றாண்டுக்குப் பின்னும் தீரவில்லை.

இங்கிலாந்தில் மார்ஜரி ஆலிங்ஹாமின் 'தி ஃபேஷன் இன் ஷ்ரவுட்ஸ்' (1938) உடை வடிவமைப்பாளர் ஒருவரின் வடிவம் கசிந்ததைக் கதைக்குள் கொண்டுவந்தது. கிறிஸ்டியானா பிராண்டின் 'டெத் இன் ஹை ஹீல்ஸ்' (1941) உடைக்கடைக்குள்ளேயே நிகழ்கிறது. பிராண்ட் கடைப் பணியாளராக வேலை செய்தவர். தாம் வெறுத்த சக பணியாளர் ஒருவரைத் தாளிலாவது கொல்லும் விருப்பமே இப்புதினமாயிற்று என்பர். இவ்வளவு நேர்மையான எழுத்துத் தூண்டுதலை இலக்கிய வரலாற்றில் அரிதாகவே காண முடியும்.

உட்சான்றும் புறச்சான்றும்

மேற்கண்ட புனைவுகளில் உடை அக்கால உடையே. அதே உடை எழுபது, எண்பது ஆண்டுகளுக்குப் பின் பழம்பொருளாகக் கடைக்கு வரும்போது, அதன் காலத்தைக் கணிப்பது துப்புத்துலக்கலின் முதற்படியாகிறது. சுவடியின் எழுத்தமைதியையும் ஓலையையும் கொண்டு காலம் கணிக்கும் நம் பதிப்பாசிரியர்களின் வேலைக்கு இது நெருங்கியது. அமெரிக்க உடையில் நீலக் கழுகு முத்திரையுடன் தேசிய மீட்பு நிர்வாகத்தின் லேபிள் இருந்தால் அது 1933–1935 காலத்தது. 1935 மே மாதம் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் அத்திட்டம் முடிவுற்றது. இங்கிலாந்து உடையில் 'சிசி 41' என்னும் குறி இருந்தால் அது 1941இல் தொடங்கிய போர்க்காலச் சிக்கன உடைத் திட்டத்தைச் சேர்ந்தது. உயர்பாணி உடையில் ஜிப்பை வெளிப்படையாக வைத்த ஷியாபரெல்லியின் 1935 தொகுப்புக்குப் பின்னரே பெண்கள் உடையில் ஜிப் பரவலாயிற்று. நைலான் காலுறை அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது 1940 மே 15. துவைக்கும் முறையைக் கூறும் நிலையான லேபிள் அமெரிக்காவில் கட்டாயமானது 1972இல். 1930களில் பாட்டி மணமேடையில் அணிந்தது என்று காட்டப்படும் உடையின் உள்மடிப்பில், தொடக்கத்திலேயே தைக்கப்பட்ட துவைப்பு லேபிள் இருந்தால், பாட்டியின் கதை பொய்யாகிவிடும்.

இவ்வுட்சான்றுகள் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. உடைந்த கொக்கிக்குப் பதிலாகப் பின்னாளில் ஜிப் தைக்கப்பட்டிருக்கலாம். விலை உயர்ந்த கடையின் லேபிளைப் பிரித்து மலிவான உடையில் பொருத்தியிருக்கலாம். சுவடியியலில் இடைச்செருகல் எனப்படுவதற்கு நிகரானது இது. மூல நூலின் நூலோட்டமும் செருகலின் நூலோட்டமும் வேறுபடுவதைக் கண்டறிபவரே இங்கும் நல்ல பதிப்பாசிரியர். ஆஸ்திரேலிய எழுத்தாளர் கெர்ரி கிரீன்வுட்டின் ஃபிரைனி ஃபிஷர் தொடர் (1989 முதல்) 1920களின் உடைகளை விரும்பிக் காட்டுவது; அதன் தொலைக்காட்சி வடிவத்தின் உடைகள் மெல்பர்னின் ரிப்பன் லீ மாளிகையில் கண்காட்சியாகவே வைக்கப்பட்டன. அங்கு உடை கண்ணுக்கு விருந்து. சான்று என்னும் நிலை பின்னுக்குச் சென்றுவிட்டது. பழைய உடையை உள்பக்கம் திருப்பிப் பார்க்கும் கதைகளே இம்மரபுக்குக் கூடுதல் நேர்மையுடையவை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

உடையின் உள்பக்கம் தராத செய்தி ஒன்று உண்டு: அதை அணிந்தவர் யார்? இதற்கு நிருபர் தேவைப்படுகிறார். நாளிதழ் அலுவலகத்தின் பழைய இதழ்க் காப்பறையில் அவருக்கு இடமுண்டு. அமெரிக்க நாளிதழ்களின் மகளிர் பக்கங்கள் பல்லாண்டுகளாகத் திருமணச் செய்திகளில் மணமகளின் உடையை வரி வரியாகப் பதிவு செய்தன: துணி எது, கழுத்தமைப்பு எது, சரிகைப் பின்னல் எந்தப் பாட்டியிடமிருந்து வந்தது, தோழியர் என்ன நிறம் அணிந்தனர் என்பன எல்லாம் அச்சில் ஏறின. அரசியல் நிருபர்கள் அவ்வரிகளைப் படித்ததில்லை. ஆனால் பெயர், நாள், இடம், உடை ஆகிய நான்கையும் ஒருங்கே கூறும் ஆவணம் வேறில்லை. மென்மர்மக் கதையின் நிருபர் ஒரு கையில் உடையையும் மறு கையில் மங்கிய நாளிதழ்த் தாளையும் வைத்து ஒப்பிடும்போது, உட்சான்றும் புறச்சான்றும் சந்திக்கின்றன. நெல்லி பிளை எழுத வெறுத்த பக்கமே அங்கு முதன்மைச் சான்றாகிறது.

அப்பக்கமும் நிலைக்கவில்லை. 1969 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' தன் மகளிர் பகுதியை நீக்கி 'ஸ்டைல்' என்னும் புதிய பகுதியைத் தொடங்கியது. 1970களில் வேறு பல நாளிதழ்களும் அவ்வழியே சென்றன. பெண்களைத் தனிப் பக்கத்தில் அடைத்து வைக்கும் வழக்கம் ஒழிந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் உடை பற்றிய வரிகள் குறைந்தன. அதே காலத்தில்தான், 1972இல், துவைப்பு லேபிள் கட்டாயமாயிற்று. அதற்குப் பிற்பட்ட உடையைக் கையில் எடுக்கும் துப்பறிவாளருக்கு அதை எந்த வெப்பத்தில் துவைக்க வேண்டும் என்பது தெரியும். எவர் எந்த நாளில் அணிந்தார் என்பதைச் சொல்லும் தாள் பெரும்பாலும் கிடைப்பதில்லை.